கட்டற்ற மென்பொருள் பரப்புரை நிகழ்படங்கள்

கட்டற்ற மென்பொருள் பரப்புரை நிகழ்படங்கள் என்பவை, திறந்த மூல மென்பொருட்களைப் புதிய பயனர்களுக்கு அறிமுகப்படுத்துவதற்காகத் தன்னார்வலர் சமூகங்கள் தயாரித்து வெளியிடும் குறும் நிகழ்படங்கள் (காணொளிகள்) ஆகும். இவற்றை எத்தளத்தில் ஏற்றி வைப்பது என்பதில் இரு தேவைகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, பலரைச் சென்றடைதல். மற்றொன்று, நெடுங்காலம் நிலைத்திருத்தல். ஒரே தளம் இவ்விரண்டையும் நிறைவு செய்வது அரிது. எனவே மூலக் கோப்பைச் சமூகமே வைத்துக்கொண்டு, படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஏற்றுவது பாதுகாப்பான முறையாகும்.

பின்னணி

2005 ஆம் ஆண்டிற்கு முன்னர் நிகழ்படங்களை வெளியிட விரும்பிய குழுக்கள் பெரும்பாலும் தம் சொந்த வழங்கியிலோ குறுந்தகடுகளிலோ அவற்றை வழங்கின. 2005 இல் தொடங்கப்பட்ட யூடியூப் தளத்தை 2006 இல் கூகுள் நிறுவனம் வாங்கியது. கட்டணமின்றி ஏற்றவும் காணவும் இயன்றதால் பெரும்பாலான சமூகங்கள் இத்தகைய தளங்களுக்கு மாறின. எனினும் எல்லாத் தளங்களும் நிலைக்கவில்லை. கூகுள் வீடியோ 2009 இல் புதிய பதிவேற்றங்களை நிறுத்தி, 2012 இல் மூடப்பட்டது. 2005 இல் தொடங்கிய பிளிப் தளம் 2015 இல் மூடப்பட்டது.

தளங்களின் வகைகள்

* வணிகத் தளங்கள்: யூடியூப், விமியோ, டெய்லிமோசன் முதலியன. பார்வையாளர் மிகுதியாகக் கூடும் இடம் இதுவே. ஆனால் விதிகளை நிறுவனமே வகுக்கிறது. பதிவேற்றுபவர் வருவாய்த் திட்டத்தில் சேராவிட்டாலும் விளம்பரம் காட்டும் நடைமுறையை யூடியூப் 2020 இல் அமெரிக்காவிலும் 2021 இல் பிற நாடுகளிலும் கொணர்ந்தது.
* இணைய ஆவணகம்: 1996 இல் புரூசுடர் காலே நிறுவிய இலாப நோக்கற்ற எண்ணிம நூலகம். ஏற்றிய மூலக் கோப்பை அப்படியே பேணுவதுடன் பதிவிறக்கவும் இடமளிக்கிறது.
* விக்கிமீடியா பொதுவகம்: கட்டற்ற உரிமம் கொண்ட, கல்விப் பயன் உடைய கோப்புகளை மட்டும் ஏற்கிறது. வெறும் விளம்பரமாக அமையும் நிகழ்படத்திற்கு இங்கு இடமில்லை. ஒரு மென்பொருளின் பயன்பாட்டை விளக்கும் நிகழ்படத்திற்கு இடமுண்டு.
* பீர்டியூப்: பிரான்சின் பிராமசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். இதன் முதற் பதிப்பு 2018 அக்டோபரில் வெளியானது. ஒரு சமூகம் தன் வழங்கியில் இதனை நிறுவிப் பிற வழங்கிகளுடன் இணைக்கலாம். ஒரே நேரத்தில் காண்பவர்களின் கணினிகள் நிகழ்படத் துண்டுகளைத் தமக்குள் பகிர்வதால் வழங்கியின் சுமை குறைகிறது. வழங்கிக்கான செலவும் பராமரிப்பும் சமூகத்தையே சாரும்.

தடைகளும் முடக்கங்களும்

2012 இல் "3" என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை வழங்கியது. அதனைக் காரணம் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் சில விமியோ, டெய்லிமோசன் முதலிய தளங்களை முற்றாகத் தடுத்தன. அத்திரைப்படத்துடன் தொடர்பற்ற நிகழ்படங்களையும் அவற்றின் பயனர்களால் காண இயலவில்லை. குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என அதே ஆண்டு சூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2014 டிசம்பரில் விமியோ, இணைய ஆவணகம், கிட்ஹப் உள்ளிட்ட 32 தளங்கள் இந்திய அரசின் ஆணையால் தடுக்கப்பட்டன. 2017 ஆகத்தில் மற்றொரு திரைப்பட வழக்கின் விளைவாக இணைய ஆவணகம் மீண்டும் தடைப்பட்டது. இத்தடைகள் பின்னர் விலக்கப்பட்டன.

முடக்கம் தளத்திடமிருந்தும் வரலாம். முப்பரிமாண அசைபட மென்பொருளான பிளெண்டரின் அறக்கட்டளை யூடியூபில் வெளியிட்டிருந்த நிகழ்படங்கள் 2018 சூன் மாதத்தில் உலகெங்கும் முடக்கப்பட்டன. அவ்வறக்கட்டளை தன் நிகழ்படங்களில் விளம்பரம் இடுவதில்லை. சில நாட்களில் அவை மீண்டும் காணக் கிடைத்தன எனினும், அறக்கட்டளை பீர்டியூப் கொண்டு தனக்கெனத் தனித் தளம் ஒன்றை அமைத்தது. யூடியூப் பக்கத்தையும் கைவிடவில்லை.

இலாப நோக்கற்ற தளங்களும் இடையூறுக்கு விலக்கல்ல. இணையத் தாக்குதலின் காரணமாக 2024 அக்டோபரில் இணைய ஆவணகம் சில நாட்கள் இயங்கவில்லை.

உரிமமும் கோப்பு வடிவமும்

நிகழ்படத்தைப் பிறர் படியெடுக்கவும் மொழிமாற்றவும் வேண்டுமெனில், படைப்பாக்கப் பொதும உரிமம் போன்ற கட்டற்ற உரிமத்தைத் தொடக்கத்திலேயே அறிவித்தல் வேண்டும். பின்னணி இசையும் அவ்வுரிமத்திற்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும். விக்கிமீடியா பொதுவகம் வெப்எம், ஓக் போன்ற கட்டற்ற வடிவங்களையே ஏற்கிறது. எம்பி4 வடிவத்தை ஏற்பது குறித்து 2014 இல் நடந்த கலந்துரையாடலில், காப்புரிமச் சிக்கல் காரணமாக விக்கிமீடியா சமூகம் அதனை ஏற்கவில்லை.

வறள்நிலப் பகுதிகளில் விநியோகம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மானாவாரி வேளாண்மையைச் சார்ந்த வறள்நிலப் பகுதிகள். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். கலை அறிவியல் கல்லூரிகள் அங்கு உள்ளன. திருச்சுழி வட்டம் சிற்றூர்களைக் கொண்டது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத மாணவருக்கே கட்டற்ற மென்பொருள் மிகுதியாகப் பயன்படும். அவரிடம் அதனைக் கொண்டு சேர்க்க வேண்டிய நிகழ்படம் அவருடைய தரவுக் கட்டணத்திற்கும் இணைப்பின் வேகத்திற்கும் உட்பட்டதாக இருத்தல் வேண்டும்.

நொடிக்கு 1 மெகாபிட் அளவில் குறுக்கிய 5 நிமிட நிகழ்படம் ஏறத்தாழ 37.5 மெகாபைட் ஆகும். அதுவே நொடிக்கு 5 மெகாபிட் எனில் 187.5 மெகாபைட் ஆகும். ஒரு கணினி ஆய்வகத்தில் 40 மாணவர்கள் முதல் வகையைத் தனித்தனியே ஒரே நேரத்தில் காண நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பு வேண்டும். ஒருமுறை பதிவிறக்கி ஆய்வகத்தின் உள் வலையமைப்பில் வைத்தால் இணையம் இன்றியே அனைவரும் காணலாம். ஆகவே பதிவிறக்க இடமளிக்கும் தளம் ஒன்றேனும் இருத்தல் இன்றியமையாதது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. லினக்சு, லிப்ரே ஆபிசு முதலியவற்றைக் கற்பிக்கும் அதன் நிகழ்படங்கள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் மாற்றப்பட்டுள்ளன. அவற்றைப் பதிவிறக்கி, இணைய இணைப்பு இல்லாத இடங்களிலும் பயன்படுத்தலாம்.

தேர்வு முறை

# சுருக்கப்படாத மூலக் கோப்பையும் தமிழ்த் துணையுரைக் கோப்பையும் இரண்டு வட்டுகளிலேனும் சேமித்தல்.
# உரிமத்தை நிகழ்படத்திற்குள்ளேயே எழுத்தில் காட்டுதல். தளம் மறைந்தாலும் உரிமம் மறையாது.
# பார்வையாளர்களுக்காக ஒரு வணிகத் தளத்திலும், பாதுகாப்பிற்காக இணைய ஆவணகம் அல்லது விக்கிமீடியா பொதுவகத்திலும் ஏற்றுதல்.
# துண்டறிக்கைகளில் சமூகத்தின் சொந்த வலைத்தள முகவரியை மட்டும் அச்சிடுதல். ஒரு தளம் தடைப்பட்டால் அங்குள்ள இணைப்பை மாற்றினால் போதும்.
# பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் பீர்டியூப் வழங்கி நிறுவுதல்.
# பள்ளி, கல்லூரிகளுக்குச் சிறிய அளவுக் கோப்பை விரலியில் வழங்குதல்.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* படைப்பாக்கப் பொதுமங்கள்
* விக்கிமீடியா பொதுவகம்
* அருப்புக்கோட்டை