அப்டேட் பழுதானால் முதலில் தேவை விளக்கம்

கல்முனை, சாய்ந்தமருது பக்கம் கேம் விளையாடும் பொடியன்களைக் கேட்டுப் பாருங்கள். ரீலோட் போட்டு எடுத்த டேட்டாவில் பாதி ஒரு அப்டேட்டுக்கே போய்விடும். அதற்குப் பிறகும் கேம் ஒழுங்காக ஓடாவிட்டால்?

2021 ஏப்ரல் 27இல் பலருக்கு அப்படித்தான் நடந்தது. சுவீடனின் பெரடொக்ஸ் நிறுவனம் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற வியூக விளையாட்டுக்கு 'லெவியதன்' என்ற விரிவாக்கத்தை விற்பனைக்கு விட்டது. கூடவே வந்த இலவச அப்டேட்டிலும் பிழைகள் இருந்ததால், லெவியதனை வாங்காதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஸ்டீம் தளத்தில் கண்டனங்கள் குவிந்தன. அதை உருவாக்கிய பார்சிலோனா ஸ்டூடியோவின் தலைவர் ஜொஹான் அண்டர்சன் தன் பெயரிலேயே மன்னிப்புக் கேட்டார். திருத்தங்களும் அடுத்தடுத்து வந்தன.

மன்னிப்புடன் மூன்று தகவல்களும் வர வேண்டும்: எது பழுது, திருத்தம் எப்போது, அதுவரை பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்படி. பழைய பதிப்பில் சேமித்த ஆட்டம் புதியதில் குழம்பிப் போகலாம். பல வார ஆட்டம் வீணாகும். ஸ்டீமில் இந்த விளையாட்டின் பழைய பதிப்புகளைத் தெரிவுசெய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதற்கும் டேட்டா வேண்டும்.

பழுது தெரிந்த உடனேயே அறிவித்தால், இன்னும் தரவிறக்காதவருக்கு அந்தச் செலவாவது மிஞ்சும்.