பந்தயக் குதிரையின் குதிகால் ஏன் வலிக்கிறது?

1875இல் உருவான நுவரெலியா பந்தயத் திடலுக்கு ஏப்ரல் வசந்த காலத்தில் போகிறவர்கள், குதிரையின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்கும் எலும்பைக் கவனியுங்கள். முழங்கால் என்றுதான் பலர் நினைப்பார்கள். இல்லை, அது நமது குதிகாலுக்கு ஒப்பானது.

அந்தக் குதிகால் அமைந்த கணுக்கால் ஒரே மூட்டல்ல; அடுக்கடுக்காகப் பல மூட்டுகள். மேலடுக்கு நன்றாக மடங்கும். கீழடுக்குகள் அசைவதே அரிது. ஆனால் பாய்ச்சலின் அழுத்தமும் முறுக்கும் அங்கேதான் இறங்கும். குருத்தெலும்பு தேய்ந்து நாட்பட்ட வலி பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மிருக வைத்தியர் காலைத் தூக்கி ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்திருந்து, விட்டவுடன் ஓட்டிப் பார்ப்பார். நொண்டல் கூடினால் சந்தேகம் வலுக்கும். விறைப்பூசியும் எக்ஸ்ரேயும் மீதியைச் சொல்லும்.

பிறகு லாடத்தைத் திருத்துவார்கள், வீக்கம் தணிக்க மருந்து கொடுப்பார்கள், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஊசி வலியை அடக்குமே தவிர, தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. விசித்திரம் என்னவென்றால், கீழடுக்கு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் பல குதிரைகளுக்கு வலியே போய்விடும்! அசையாத மூட்டில் உரசல் ஏது? அதனால்தான் சிலவேளை அறுவைச் சிகிச்சை செய்தே ஒட்டவைக்கிறார்கள்.

வலிமருந்தின் தயவில் குதிரையைப் பந்தயத்தில் ஓட்டுவது மட்டும் சிகிச்சையல்ல. பந்தய விதிகளின்படி அது குற்றம்.