காருக்குப் பின்னே டிரெய்லர்: பாரம் எங்கே இருக்க வேண்டும்?

அவசரச் சரக்குக்காகக் காரிலோ ஜீப்பிலோ சிறு டிரெய்லர் பூட்டும் வணிகர்கள், எவ்வளவு ஏற்றுகிறோம் என்று பார்க்கிறார்கள். எந்த இடத்தில் ஏற்றுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

ஒற்றை அச்சு டிரெய்லர் தராசு போன்றது. பின்பக்கம் பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கும். காரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். வேகமெடுத்ததும் டிரெய்லர் இருபுறமும் ஆடும். 25 கிலோ அரிசி மூட்டை 20 என்றால், அச்சுக்கு முன்னே 12, பின்னே 8 என அடுக்குங்கள். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர வேண்டும். கனமான சரக்கு அடியில் இருக்கட்டும். காரின் கையேட்டில் இழுவை அளவு குறிப்பிடவில்லையென்றால் அதில் டிரெய்லர் பூட்டவே வேண்டாம்.

புறப்படுமுன் கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, டயர் காற்று, பின்விளக்கு நான்கையும் பாருங்கள். ஓட்டத்தில் டிரெய்லர் ஆடினால் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் வாகனமே, பதிவு அவசியம். அதிக பாரத்துக்கு 2019 திருத்தம் விதித்த அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்க ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது.