இடை முறிந்த வீரன்

சென்ற தீபாவளிக்கு மறுநாள் என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். இப்பொழுது கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறான். மனைவி மக்களோடு வந்தவன், பலகாரப் பொதியைத் தந்துவிட்டு, தன் பையிலிருந்து வேறொரு பொருளையும் மிகப் பக்குவமாக எடுத்து மேசைமேல் வைத்தான். வண்ணப்படம் அச்சிட்ட அட்டை. அதன்மேல் ஒட்டிய ஒளி ஊடுருவும் கூட்டினுள்ளே, நாலங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் ஒரு போர்வீரன் நின்றான். குழந்தைக்கு வாங்கியது போலும் என்றெண்ணி, அவனுடைய இளைய மகனிடம் எடுத்துக் கொடுக்கலாமென்று கூட்டைப் பெயர்க்கக் கை நீட்டினேன்.

“ஐயோ சேர், அதைப் பிரிச்சிடாதீங்க!” என்று பதறிப்போனான்.

விளையாட்டுப் பொருளைத் தொடாதே என்பதை நான் கேட்டது அதுவே முதன்முறை. எங்கள் பழந்தமிழ்ச் சிறுவர்க்குச் சிறுதேர் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மைந்தர் குதிரை பூட்டாத முச்சக்கரச் சிறுதேரை உருட்டித் திரிந்ததைப் பட்டினப்பாலை காட்டும். தச்சன் செய்து கொடுத்த தேரில் ஏறிப் போதல் இயலாது. எனினும் அதை இழுத்துத் திரிவதே பிள்ளைகளுக்குப் போதும் என்பதை உவமையாக்கிக் குறுந்தொகையில் ஒரு பாட்டே உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியாக நிற்பதும் சிறுதேரே. அவர்களெல்லாரும் தேரை இழுத்தார்கள். ஒருவனாவது அதைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்ததாக நான் படித்ததில்லை. இதனைச் சற்று ஏளனமாகவே அவனிடம் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. பழைய வகுப்பறையில் நான் கதை சொல்ல அவன் கேட்டிருந்தது போக, அன்று அவன் சொல்ல நான் கேட்டேன்.

அமெரிக்காவில் ஹஸ்ப்ரோ என்னும் நிறுவனம் 1964 இல் ‘ஜி. ஐ. ஜோ’ என்ற பெயரில் ஏறத்தாழ ஓரடி உயரமான போர்வீரப் பொம்மையை வெளியிட்டது. ஆண்பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கத் தந்தையர் கூசுவர் என்றஞ்சி, ‘பொம்மை’ என்ற சொல்லையே விலக்கி, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்றொரு புதுப்பெயர் சூட்டினார்கள். நாம் வினைப்பாவை எனலாம். ஆனால் பாவை என்றால் வண்டலிலும் பஞ்சாய்க் கோரையிலும் மகளிர் செய்து விளையாடியதன்றோ நினைவுக்கு வரும்? அந்த வணிகர் நம் பெயரையும் ஏற்கமாட்டார்கள்!

1977 இல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வந்தபோது கென்னர் நிறுவனத்தால் நத்தாருக்கு முன் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே உள்ளே பொம்மையில்லாத அட்டையுறையை, ‘பொம்மை பின்னர் வரும்’ என்ற உறுதிச்சீட்டோடு விற்றார்கள். மக்கள் வாங்கினார்கள்! மறு ஆண்டில் வந்த அச்சிறு பொம்மைகளின் அளவே பின்னர்ப் பலருக்கும் முன்மாதிரியாயிற்று. 1982 இல் ஜி. ஐ. ஜோவும் அவ்வளவிற்குச் சிறுத்து மறுபிறப்பெடுத்தான்.

இனி வருவது நம் பக்கத்துச் செய்தி. சென்னைத் திருவொற்றியூரில் 1946 இல் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதே இன்று சக்கர வட்டைகளுக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். நிறுவனம். அதுவே ஹஸ்ப்ரோவோடு கூடி 1987 இல் ஃபன்ஸ்கூல் என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தை நிறுவிற்று. அமெரிக்க அச்சுக்களைக் கொண்டு ஜி. ஐ. ஜோ வீரர்கள் இந்தியாவில் வார்க்கப்பட்டார்கள்; அச்சு அதுவாயினும் நிறம் வேறு. அங்கே பச்சை உடுத்தவன் இங்கே மஞ்சளும் நீலமும் உடுத்தினாலும் வியப்பில்லை. அந்நிற வேறுபாட்டிற்காகவே இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்திய வீரர்களைத் தேடிப் பெருவிலை கொடுக்கிறார்களாம்.

அவ்வீரனின் உடலமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. வயிற்றினுள்ளே ஒரு சிறு கறுப்பு இறப்பர் வளையம். கால்களைக் கோத்த கொளுவியை மேலே இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். அதனால்தான் அவனுக்கு இடுப்பு வளையும், திரும்பும். ஆண்டுகள் சென்றால் வளையம் காய்ந்து வெடிக்கும். வீரன் இரண்டு துண்டாவான்.

என் மாணாக்கனுக்கு முதன்முதலில் கிடைத்தவன் அத்தகைய இரண்டு துண்டு வீரனே. தாய் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அவ்வீட்டுப் பிள்ளை எறிந்ததை முந்தானையில் முடிந்து கொண்டு வந்து கொடுத்தார். அப்பொழுது அவனுக்கு எட்டு வயது. தகப்பனார் பால் வெட்டுபவர். வெட்டிய வடுவில் உறைந்து நாடாப்போல உரிந்து வரும் ஒட்டுப்பாலைச் சிறுவர்கள் களவாகச் சுற்றிப் பந்து செய்வதைத் தோட்டத்தில் வாழ்ந்தார் யாவரும் அறிவர். நிறுத்துக் கணக்கில் சேரவேண்டிய பொருளாதலின் கங்காணி கண்டால் அடி விழும். அந்நாடாவில் ஒரு சாணை வயிற்றினுள் விட்டு முடிச்சிட்டான். வீரன் நிமிர்ந்து நின்றான். கந்தகம் சேர்த்து வேகவைக்காத பாலாதலின், வெயிலில் இளகிப் பிசுபிசுத்து நாற்றமும் எடுத்தது. மாதத்திற்கொருமுறை புது நாடா மாற்றி, ஐந்தாண்டு காத்தான்.

2003 மே மாதத்துப் பெருவெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரிப் பகுதியை அலைத்தபோது அவர்கள் லயத்தையும் மண் மூடிற்று. முதல்நாள் இரவே குடும்பங்கள் பாடசாலைக்கு ஏறிவிட்டமையால் உயிர்கள் தப்பின. வகுப்பறைகளில் பாய் விரித்து அவர்களைக் கிடத்தியவர்களுள் நானும் ஒருவன். மழை சற்று ஓய்ந்த மாலையில் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, “சேர், கீழே போய் ஒரு சாமான் தேடிட்டு வரவா?” என்று கேட்டானாம். என்ன சாமான் என்று கேட்டறிந்த நான், “உயிர் பிழைத்ததே பெரிது; உனக்கு விளையாட்டுச் சாமானா பெரிது?” என்று பலர் முன்னிலையில் உரத்துக் கடிந்தேனாம்.

எனக்கு அது நினைவில் இல்லை. சிறுதேரைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் சொல்லும் எனக்கு நினைவில் இல்லை.

“நீங்க சொன்னது சரிதானே சேர்” என்றான். போகவிட்டிருந்தால் பிழையாகியிருக்கும் என்பது மெய்யே. ஆனால் கடிந்து சொன்ன அச்சொல் வேண்டியதில்லை; தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம்.

நாற்பதை அணுகியவர்களும் கடந்தவர்களுமே தம் பொருளை வாங்குவர் என்பதை அந்நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஆகவே பழைய அளவில், பழைய அட்டையின் சாயலில், வயிற்றில் அதே இறப்பர் வளையத்தோடு அண்மைக்காலத்தில் மீண்டும் வீரர்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றைத்தான் இவன் வெளிநாட்டிலிருந்து வருவித்திருக்கிறான். தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021 இல், நெடும் போராட்டத்தின் பின். விலையைச் சொன்னபோது, தாயின் எத்தனை நாட்கூலி என்று என் மனம் கணக்கிட்டது. அவனும் அக்கணக்கைப் போட்டுப் பார்த்தே வாங்கியிருப்பான். இவ்வணிகம் எனக்கு முழுதும் உவப்பானதன்று. 1977 இல் வரப்போகும் பொம்மையைக் காட்டிப் பணம் பெற்றார்கள். இப்பொழுது போன பருவத்தைக் காட்டிப் பெறுகிறார்கள். அன்றியும், ஒட்டுப்பால் பந்துக்கும், இறப்பர் விதையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைத்துவிட்டு ஓடும் குறும்புக்கும், தகரப்பேணி வண்டிக்கும் அச்சு எங்கே இருக்கிறது, எவர் மீண்டும் வார்ப்பதற்கு? அவற்றின் பெயர்களையேனும் நான் எழுதி வைத்தேனா என்றால், இல்லை.

புறப்படும்போது ஒன்று கேட்டேன்: “தம்பி, பிரிக்காமல் வைத்தால் வளையம் காயாதா?”

இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. சற்று நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின் ஒன்றும் பேசாமல் பையில் வைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். “சின்னவன் பிரிச்சிட்டான் சேர்.” கோபமா மகிழ்ச்சியா என்று குரலிலிருந்து தெரியவில்லை. பின்னணியில் குழந்தையின் கூச்சல் கேட்டது.

“வீரன் எப்படி இருக்கிறான்?” என்றேன்.

“இடுப்பு நல்லாத் திரும்புது சேர்.”