நாற்பதுக்குப் பிறகும் ஓடலாம், ஊரோடு சேர்ந்து ஓடலாம்

நடுத்தர வயதினரின் உடல்நலம் குறித்த நமது கருத்தரங்கு ஒளியேறியபோது வந்த தொலைபேசி அழைப்புகளில் பல ஒரே குறையைத்தான் சொல்லின. "உடற்பயிற்சி வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் தனியாகப் போக மனம் வருவதில்லையே!" நிகழ்ச்சியில் நேரம் போதவில்லை. ஆகவே, வாரம் ஒரு முறை ஊர்மக்களோடு சேர்ந்து ஓடுவதைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் நம் நிலைமை. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்! 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது ஆறுதலான செய்திதான். ஆனால் அதே ஆய்வில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் என்றும் சொல்லப்பட்டது.

நம் தாத்தா பாட்டிமார் உடற்பயிற்சி என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, பிறகு நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டோம். நடை நின்றுவிட்டது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. இன்னொன்றும் போயிற்று. லயத்து வாசலில் சாயங்காலம் கூடிப் பேசிய கூட்டம். இன்று பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து ஆண்டுகள் வாழ்ந்துவிட முடிகிறது. என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது இழப்புதான் பெரியது என்பேன்.

ஓடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது? நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் அனுப்பும் சாவி இன்சுலின். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்தச் சாவி சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசைகள் வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திராமல் தாமாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சில வேளைகளில் இரண்டு நாள் வரை உடல் இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. நாற்பதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவரும் என்பதால் கால்களுக்கு வேலை கொடுப்பது இன்னும் அவசியமாகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலியும். தரையில் கால் பதித்து ஓடும்போது ஏற்படும் அதிர்வு எலும்புக்கு நன்மையே.

2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் கவனித்தது. ஓடுகிறவர்கள் இருதய நோயால் இறக்கும் அபாயம், ஓடாதவர்களைவிட 45 விழுக்காடு குறைவு. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. இத்தகைய ஆய்வுகளில் ஒரு சங்கடம் உண்டு. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே அதிகம் ஓடுவார்கள்? ஆகவே 45 விழுக்காடும் ஓட்டத்தின் புண்ணியம்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். நன்மை உண்டு என்பது மட்டும் உறுதி.

"ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமே" என்பது அடுத்த பயம். 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 விழுக்காடு! போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3 விழுக்காடு. ஆக, அளவோடு ஓடுவதால் முட்டி கெடுகிறது என்பதற்கு இங்கே ஆதாரம் இல்லை. ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாரந்தோறும் கூடி ஓடுவது வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்ற ஓட்டக் குழு 1938-இல் நம் கோலாலம்பூரில்தான் பிறந்தது. தொடங்கியவர்கள் இங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர்கள். ஒருவர் முன்னால் ஓடித் தடம் போட்டுச் செல்வார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டே பின்தொடர்வார்கள். முதன்மையானவரான கிஸ்பர்ட் 1942-இல் சிங்கப்பூர்ப் போரில் உயிரிழந்தார். போருக்குப் பின் குழு மீண்டும் எழுந்து உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. 1950-இல் சங்கமாகப் பதிந்தபோது அவர்கள் எழுதிவைத்த நோக்கங்களில் ஒன்று, மூத்த உறுப்பினர்களுக்குத் தாங்கள் நினைக்கும் அளவுக்கு வயதாகிவிடவில்லை என்று உணர்த்துவது! ஓடிய தாகத்தைப் பீர் குடித்துத் தணிப்பது என்றும் ஒரு நோக்கம் இருந்தது. அதை நாம் இளநீரோடு நிறுத்திக்கொள்வோம்.

குடும்பத்தோடு செல்வதற்கு ஏற்றது 'பார்க்ரன்'. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி இலண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் 13 பேரோடு இதைத் தொடங்கினார். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு 2014-இலும், கோலாலம்பூரின் தாமான் பூடு உலுவுக்கு 2018-இலும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர். கட்டணம் ஒரு காசு கிடையாது. ஒரு முறை பெயரைப் பதிந்து, கிடைக்கும் பட்டைக்குறியீட்டைக் கொண்டு போனால் உங்கள் நேரத்தைக் குறித்துத் தருவார்கள். நடத்துபவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். இவர்களில் ஒருவருடைய வேலையே எல்லாருக்கும் கடைசியாக நடந்து வருவது. ஆகவே நீங்கள் கடைசியாக வந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதே இல்லை!

கூட்டமாக ஓடுவதில் பெண்களுக்கு இன்னொரு வசதி உண்டு. விடிகாலையில் தனியாகப் போனால் வழிப்பறித் திருடர்கள் பயம், தெருநாய்கள் பயம், 'இந்த வயதில் இவளுக்கு என்ன ஓட்டம்' என்ற பார்வை. நாற்பது ஐம்பது பேரோடு போகும்போது இந்த மூன்றும் பெருமளவு குறைந்துவிடும். மலாய்க்கார மக்சிக்கும், சீன அங்கிளும், நம் அக்காவும் ஒரே வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் காட்சியை வேறு எங்கே பார்க்க முடியும்? பிள்ளைகள் வெளியூரில், துணை மறைந்துவிட்டது, வேலையும் ஓயப்போகிறது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருப்பது சாதாரண விஷயமல்ல. 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. தனிமையும் ஒரு நோய்க்காரணி என்பதை நம் சமூகம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? 1996-இல் அமெரிக்க இளைஞர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாருக்காகவே வகுத்த ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகெங்கும் புகழ்பெற்றது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று இருபது நிமிடம் மாறி மாறிச் செய்வது. வாரத்தில் மூன்று நாள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். சனிக்கிழமை ஓட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கேட்டுக்கொண்டது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு. சனிக்கிழமையை ஆணியாக அடித்துக்கொண்டு, இடையில் இரண்டு நாள் வேக நடையை அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் முதலில் கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானம் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நின்று 999-ஐ அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஓட்டத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள்.

ஓடி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து போவது எங்கே? சாப்பாட்டுக் கடைக்குத்தான்! 70 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 350 கலோரி எரியும். ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் அதைத் தாண்டிவிடும். கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அரட்டைக்காகத்தானே பாதிப் பேர் வருகிறார்கள்! தே ஓ கொசோங் கேளுங்கள், தோசைக்குச் சாம்பாரைக் கூடுதலாக ஊற்றச் சொல்லுங்கள்.

முதல் முறை பார்க்ரனுக்குப் போகிறவர்கள் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். புதியவர்களை மட்டும் தனியே அழைத்துப் பாதையை விளக்கிவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்குவார்கள்.