இளமூளையின் வரைபடம்

தாயின் கருவறையில் தொடங்கும் மூளை வளர்ச்சி, பிறந்த பின்னும் விரைந்து தொடர்கிறது. இரண்டு வயது நிறையும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. இவ்வளர்ச்சியில் நேரும் குறையை, நடையோ பேச்சோ தாமதமான பின்னரே பெற்றோர் பெரும்பாலும் உணர்கின்றனர். அதற்கு முன்பே அறிய உதவுவது மூளைப் படமாக்கல்.

படமாக்கும் வழிகள்

பச்சிளங்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இணையாத உச்சிக்குழி, மருத்துவருக்கு ஒரு சாளரம். அதன்வழியே மீயொலி அலைகளைச் செலுத்தி, குறைமாதக் குழந்தையின் மூளையில் குருதிக்கசிவு உள்ளதா எனக் காணலாம். மேலும் நுட்பமாகக் காண எம்.ஆர்.ஐ. கருவி பயன்படுகிறது. மூளையிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் தரும் குறிப்பலைகளே இதில் படமாகின்றன; எக்ஸ் கதிர் இதில் இல்லை. அசைந்தால் படம் கலங்கும். ஆகவே பாலூட்டி, துணியால் சுற்றி, காதுகளுக்குக் காப்பிட்டு, குழந்தை உறங்கும்போது படமெடுப்பர்.

எனினும் இப்படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவினது. அதனுள் பல்லாயிரம் செல்கள் அடங்கிவிடும். அப்புள்ளியில் உள்ளவை எவை என அறிய, செல் அளவிலான வரைபடம் தேவை.

தரணி

அத்தகைய வரைபடத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் பெயரில் வெளியிட்டது. 14 முதல் 24 வார வளர்ச்சியில் உயிர்நீத்த ஐந்து கருக்களின் மூளைகள் மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டுச் சாயமேற்றப்பட்டன. அவற்றின் 5,132 படங்கள் கணினியில் முப்பரிமாண வடிவாக இணைக்கப்பட்டன. 500-க்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகள் அடையாளம் குறிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் எவரும் இதனைக் காணலாம்.

அடுக்குகள் கூறும் செய்தி

கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலிச் சுரங்கத்தில், வெட்டப்பட்ட நிலத்தின் பக்கச்சுவரில் மண்ணடுக்குகள் வரிசையாகத் தெரியும். முன்னர்ப் படிந்தது கீழும் பின்னர்ப் படிந்தது மேலும் இருக்கும். பெருமூளைப் புறணியும் இவ்வாறே அமைகிறது. ஆனால் மண் தானே படிகிறது. நரம்பணுக்களோ ஆழத்தில் பிறந்து, தமக்கு முன் பிறந்தவற்றைக் கடந்து மேலேறி இடம்பிடிக்கின்றன. இப்பயணம் தடைப்பட்டால் வலிப்பு நோயும் கற்றல் இடர்ப்பாடும் நேரலாம்.

உயிருள்ள குழந்தையின் மூளையை வெட்டிக் காண இயலாது. அதன் படத்தை மட்டுமே காண இயலும். அப்படத்தைச் சரியாகப் படிப்பதற்கு, பிறவாமல் மறைந்த குழந்தைகளின் மூளைகள் வழிகாட்டுகின்றன.