எடுத்து வைத்த விதையும் பில் இல்லாத நாற்றும்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக்காரர்கள் விதையில் வந்த செடியை அவ்வளவாக நம்புவதில்லை. ஏலப்பூவில் காய் பிடிக்கத் தேனீ வந்தாக வேண்டும். வருகிற தேனீ செடிக்குச் செடி மகரந்தத்தை மாற்றிவிட்டுப் போகும். விதைநாற்று பத்து வைத்தால் பத்தும் பத்து விதமாக நிற்கும். அதனால்தான் நல்ல செடியின் தூரைப் பிரித்து நடுகிறார்கள். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசஃப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் ஏலமலை முழுக்கப் பரவியதும் தூராகத்தான்.

மலையிறங்கி தக்காளிக் காட்டுக்கு வந்தால் சங்கதி வேறு. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பூ ஒன்றைப் பறித்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைகள் ஒட்டிக் குழலாக நிற்கும். சூல்முடி அதற்குள் இருக்கும். தேன் கிடையாது என்பதால் தேனீக்கள் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. பூவைப் பிடித்து அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் தச்சுத் தேனீ மாதிரி சில வகைகளால் கொஞ்சம் கலப்பு நடக்கலாம். சான்று விதைக்கே ரகத்துக்கும் ரகத்துக்கும் 25 மீட்டர் இடைவெளி போதும் என்கிறது விதிமுறை.

ஆனால் ஒன்று: கடும் வெயிலில் சூல்முடி குழலுக்கு வெளியே நீண்டுவிடும். சில பழைய ரகங்களில் இயல்பாகவே அப்படித்தான். அங்கே பக்கத்து வயலின் மகரந்தம் ஏற வாய்ப்புண்டு. விதைக்கென்று ஒதுக்கிய செடியில் மொட்டாக இருக்கும்போதே கொத்தின் மேல் மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டி, காய் பிடித்ததும் கழற்றி, காம்பில் நூல் கட்டி வையுங்கள். கலப்பு நடந்திருந்தால் இந்தப் பழத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த நடவில்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்த மண்ணின் தக்காளிக்குப் பெரிய சாட்சி பி.கே.எம்.1. தேனியை ஒட்டிய அன்னஞ்சி ஊரின் பெயரிலேயே வழங்கிய உள்ளூர்த் தக்காளியில் மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய ரகம் அது. காம்புப் பக்கம் பச்சைத் தோள், தட்டை உருண்டை, தூரத்துச் சந்தைக்குத் தாங்கும் தோல். அது கலப்பினம் அல்ல. பழத்திலிருந்து விதை எடுக்கலாம், தலைமுறைக்கும் நிற்கும்.

சிக்கல் கலப்பின விதையில். முதல் தலைமுறையில் காட்டும் ஒரே சீரான விளைச்சல், அதன் விதையைப் போட்டால் சிதறிவிடும். பையில் ‘ஹைபிரிட்’ அல்லது ‘எஃப்-1’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் ‘நாட்டுத் தக்காளி’ என்று விற்பதெல்லாம் நாட்டு ரகம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். புளிப்பும் வடிவமும் பார்த்து வைத்த வியாபாரப் பெயர் அது. சந்தைப் பழத்தில் விதை எடுப்பது சூதாட்டம்தான்.

நோய் இல்லாத செடியில் நன்றாகப் பழுத்ததை எடுத்து, கூழோடு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். தேமல் வைரஸும் சில பாக்டீரியா நோய்களும் விதையோடு வரக்கூடியவை. புளிப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடாது. ஆகவே தாய்ச்செடித் தேர்வில் கறாராக இருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இன் 39-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலில் விதை எடுக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். அந்த ரகத்தின் பெயரை லேபிளாக ஒட்டிப் பையில் அடைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். தெரியாமல் மீறியிருந்தால் 42-ஆம் பிரிவு காக்கும். இருந்தும் 2019-இல் பெப்சிகோ நிறுவனம் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மீது தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் வாபஸ் வாங்கியது. சட்டம் நம் பக்கம் என்று தெரிந்திருந்தால்தான் வக்கீல் நோட்டீஸைக் கண்டு வெலவெலத்துப்போகாமல் இருக்க முடியும். வீட்டு வழி வரும் ரகத்தை ‘விவசாயி ரகம்’ என்று பதிவு செய்ய விவசாயிக்குக் கட்டணமும் இல்லை.

உண்மையில் பலர் ஏமாறுவது நாற்றில். இப்போது விதைப் பையைப் பார்க்காமலே குழித்தட்டு நாற்று வாங்கி நட்டுவிடுகிறோம். நாற்றுப்பண்ணைக்கும் விதை விற்பனை உரிமம் வேண்டும். ரகப் பெயரும் குவியல் எண்ணும் எழுதிய பில் கேளுங்கள். துண்டுச் சீட்டு செல்லாது. விதை வாங்கினால் பையைக் கிழித்து எறியாமல் பில்லோடு வையுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

ரகம் மாறியிருப்பது தெரிந்தால் செடியைப் பிடுங்குவதற்கு முன்பே வட்டார விதை ஆய்வாளருக்கும் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, வயலாய்வு அறிக்கை கேளுங்கள். வயல் இருக்கும்வரைதான் ஆதாரம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதைத்தது போக மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டுகள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் வழி கேட்கலாம்.